செம்மலரும் வீரர் நினைவும்

நுழையும்முன்

போர்கள் முடிந்துவிடுகின்றன, அவற்றில் மாண்டவர்களின் நினைவு முடிவதில்லை. அந்நினைவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லச் சிலர் கல்லில் பெயர் பொறித்தனர். சிலர் நாளொன்றை ஒதுக்கினர். மருத்துவர் ஒருவர் பதினைந்து அடிகளில் ஒரு கவிதை எழுதினார். அக்கவிதையிலிருந்து ஒரு மலர் எழுந்தது. அம்மலரை இன்றும் பல நாட்டு மக்கள் நெஞ்சில் அணிகின்றனர். அம்மருத்துவரின் வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

இரண்டு மணித்துளி அமைதி

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குக் கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் மக்கள் தாம் நின்ற இடத்திலேயே தலைகுனிந்து நிற்கின்றனர். இரண்டு மணித்துளிகள் பேச்சில்லை, அசைவில்லை. 1918ஆம் ஆண்டு அதே நாளில், அதே வேளையில்தான் முதல் உலகப்போரின் மேற்குப் போர்முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அப்போரில் ஏறத்தாழ 90 இலட்சம் படைவீரர்கள் மடிந்திருந்தனர். அவர்களை நினைந்து நிற்கும் மக்களின் உடையில், இடப்பக்க மார்பில், தாளாலோ துணியாலோ செய்யப்பட்ட சிவப்பு மலர் ஒன்று காணப்படும். அது பாப்பி மலர். நம் சமையலறையில் உள்ள கசகசாவைத் தரும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய வயல்களில் களையாக முளைப்பது.

எவரும் விதைக்காத அந்தக் களைச்செடியின் மலர் வீரர்களின் நினைவுச் சின்னமாக மாறியது எவ்வாறு? அதற்கு விடை, ஜான் மெக்ரே என்னும் கனடா நாட்டு மருத்துவரின் வாழ்வில் இருக்கிறது.

இளமையும் கல்வியும்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் குவெல்ஃப் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட எளிய வீடு ஒன்றில் 1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஜான் மெக்ரே பிறந்தார். தந்தை டேவிட் மெக்ரே, தாய் ஜேனட். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மரபினர். அண்ணன் தாமஸ், தங்கை கீல்ஸ் ஆகியோருடன் ஜான் வளர்ந்தார். இறைப்பற்று, கடின உழைப்பு, கடமையுணர்வு ஆகியவை அக்குடும்பத்தின் அன்றாட ஒழுக்கமாக இருந்தன.

தந்தை பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் தலைவராக விளங்கியவர். அதனால் ஜானின் மனத்தில் படைப்பணி மீதான ஈர்ப்பு இளமையிலேயே வேர்கொண்டது. 14ஆம் அகவையில் மாணவர் படையில் சேர்ந்தார். 17ஆம் அகவையில் தந்தை தலைமை தாங்கிய பீரங்கிப் பிரிவிலேயே இடம்பெற்றார். தாயிடமிருந்து நூல்களின்மீது காதலைப் பெற்றார். கவிதை எழுதும் பழக்கமும் சிறுவயதிலேயே தொடங்கியது. பீரங்கி ஒருபுறம், கவிதை மறுபுறம் என இரண்டும் அவர் வாழ்வில் இணைந்தே வளர்ந்தன.

உதவித்தொகை பெற்று டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜானுக்கு ஆஸ்துமா நோய் பெரும் இடராக அமைந்தது. மூச்சுத்திணறல் மிகுந்ததால் படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. அக்காலத்தில் குவெல்ஃபில் இருந்த வேளாண் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். நோய் தணிந்ததும் மீண்டும் பல்கலைக்கழகம் சென்று 1894இல் இளங்கலைப் பட்டமும் 1898இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். மருத்துவப் படிப்பில் அவருக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. மாணவப் பருவத்தில் அவர் எழுதிய கவிதைகளும் கதைகளும் இதழ்களில் வெளிவந்தன. மருத்துவம் பயில வந்த பிறருக்குத் தனிப்பாடம் கற்பித்துத் தம் செலவை ஈடுசெய்தார். அவரிடம் பயின்றோருள் இருவர் ஒன்டாரியோவின் முதல் பெண் மருத்துவர்கள் வரிசையில் இடம்பெற்றனர்.

முதற்போர் தந்த பாடம்

மருத்துவப் பட்டம் பெற்றபின் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மெக்ரே சிறிதுகாலம் பணிபுரிந்தார். அண்ணன் தாமசும் அங்கே மருத்துவராக இருந்தார். பின்னர் மாண்ட்ரியல் நகரின் மெகில் பல்கலைக்கழகம் நோயியல் ஆய்வுக்கான உதவித்தொகையை மெக்ரேவுக்கு வழங்கியது. எதிர்காலம் தெளிவாகத் தெரிந்த அந்த வேளையில், 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது.

போருக்குச் செல்வது தம் கடமை என்று மெக்ரே கருதினார். ஆய்வுப் பணியை ஓராண்டு தள்ளிவைத்து, 1900 ஜனவரியில் கப்பலேறினார். அவர் சென்றது மருத்துவராக அன்று. பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்றார். ஓராண்டுக்காலம் களத்தில் இருந்த அவர் பெற்ற பட்டறிவு கலவையானது. படைவாழ்வின் தோழமையும் ஒழுங்கும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆயினும் நோயுற்ற வீரர்களும் புண்பட்ட வீரர்களும் நடத்தப்பட்ட முறை அவரை வருத்தியது. அப்போரில் பிரிட்டன் தரப்பில் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குடற்காய்ச்சல் முதலிய நோய்களுக்குப் பலியானவர்களே மிகுதி. நாட்டுக்காக உயிரை ஈய வந்தவனுக்குத் தூய நீரும் முறையான மருத்துவமும் கிடைக்கவில்லை என்பதை மருத்துவரான அவர் கண்ணெதிரே கண்டார்.

நாடு திரும்பியபின் படையில் மேஜர் பதவிவரை உயர்ந்த மெக்ரே, 1904இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் பத்தாண்டுகள் படைப்பணியின் பக்கமே செல்லவில்லை.

மாண்ட்ரியல் நகரில்

அந்தப் பத்தாண்டுகள் அவர் வாழ்வின் வளமான காலம். மாண்ட்ரியல் நகர மருத்துவமனைகளில் நோயியல் வல்லுநராகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். மெகில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். பேராசிரியர் அடாமியுடன் இணைந்து மருத்துவ மாணவர்களுக்கான நோயியல் பாடநூல் ஒன்றை எழுதி 1912இல் வெளியிட்டார். 1910இல் கனடாவின் தலைமை ஆளுநர் வின்னிபெக் ஏரியிலிருந்து ஹட்சன் விரிகுடா வரை படகில் மேற்கொண்ட நெடும்பயணத்தில் மருத்துவராக உடன்சென்றார்.

கதை சொல்வதில் வல்லவர். நண்பர்கள் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர். குழந்தைகளிடமும் விலங்குகளிடமும் பேரன்பு கொண்டவர் என்றே மெக்ரேவைப் பழகியவர்கள் அறிந்திருந்தனர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனை, வகுப்பறை, எழுத்து என்றே நாள்கள் நகர்ந்தன. அவர் கவிதைகளில் இறப்புக்குப்பின் கிட்டும் அமைதி என்னும் கருத்து அடிக்கடி தலைகாட்டியது. எனினும் அவர் பெயரை உலகம் அறிந்திருக்கவில்லை.

மீண்டும் அழைத்த களம்

1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. பிரிட்டன் பேரரசின் உறுப்பாக இருந்த கனடாவும் இந்தியாவும் அப்போரில் இழுக்கப்பட்டன. சில வாரங்களுக்குள் கனடாவில் பல்லாயிரம் இளைஞர்கள் படையில் சேர்ந்தனர். அப்போது மெக்ரேவுக்கு 41 வயது. ஆஸ்துமா நோயாளி, புகழ்பெற்ற மருத்துவர், ஒருமுறை போர்க்களம் கண்டவர். ஊரிலேயே தங்கியிருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால், அவர் தம் பணியை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார்.

கனடாவின் முதலாம் பீரங்கிப் படைப்பிரிவில் மேஜர் பதவியுடன் மருத்துவராக அமர்த்தப்பட்டார். அப்பிரிவின் இரண்டாம் நிலைத் தலைவராகவும் அவரே இருந்தார். இளமையில் தனித்தனியாக வளர்ந்த இரண்டு கடமைகள் இப்போது ஒரே மனிதரின் தோளில் ஏறின. பீரங்கியை இயக்கும் படையில் அவரும் ஒருவர். பீரங்கியால் சிதைந்த உடல்களைத் தைப்பவரும் அவரே. நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பான்ஃபயர் என்னும் குதிரையும் அவருடன் கடல் கடந்தது.

ஈப்பர் நகரும் நச்சுப்புகையும்

பெல்ஜியம் நாட்டின் மேற்குப் பகுதியில், பிளாண்டர்ஸ் எனப்படும் சமவெளியில் ஈப்பர் என்னும் பழைய நகரம் உள்ளது. நேசநாட்டுப் படைகள் அந்நகரைச் சுற்றி அரைவட்டமாகப் பதுங்குகுழிகளை அமைத்துக் காத்துநின்றன. 1915 ஏப்ரல் 22ஆம் நாள் மாலை, ஜெர்மானியரின் நிலைகளிலிருந்து மஞ்சளும் பச்சையும் கலந்த புகைத்திரள் ஒன்று தரையோடு தவழ்ந்து வந்தது. அது குளோரின் நச்சுவாயு. ஆயிரக்கணக்கான உருளைகளிலிருந்து 150 டன்னுக்கும் மேற்பட்ட வாயு திறந்துவிடப்பட்டது. மேற்குப் போர்முனையில் நச்சுவாயு இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்தப்பட்டது அதுவே முதன்முறை. பிரான்சு நாட்டுப் படையினரும் அல்ஜீரிய வீரர்களும் மூச்சடைத்து வீழ்ந்தனர், எஞ்சியோர் பின்வாங்கினர். காவல் வளையத்தில் பல கிலோமீட்டர் அகலத்திற்கு வெற்றிடம் உண்டாயிற்று.

அருகில் நின்ற கனடா நாட்டுப் படைவீரர்கள் அவ்வெற்றிடத்தை அடைக்க முன்சென்றனர். நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடி எதுவும் அன்று இல்லை. நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டே போரிட்டனர். சில நாள்களில் அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தோ காயமுற்றோ சிறைப்பட்டோ போயினர்.

அந்த நாள்களிலேயே இந்தியப் படையின் இலாகூர் பிரிவும் ஈப்பர் களத்தில் இறக்கப்பட்டது. ஏப்ரல் 26ஆம் நாள் நடந்த தாக்குதலில் ஜமேதார் மீர் தஸ்த் என்னும் இந்திய வீரர், கொடிய குண்டுமழைக்கிடையே எட்டு அதிகாரிகளைச் சுமந்துசென்று காப்பாற்றினார். அச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. தம் ஊரின் பெயரைக்கூட அறியாத மனிதர்களுக்காக, தாம் அறியாத மண்ணில், இந்திய வீரர்களும் குருதி சிந்தினர்.

கால்வாய்க் கரையில் பதினேழு நாள்கள்

மெக்ரேவின் பீரங்கிப் பிரிவு ஈப்பர் நகருக்கு வடக்கே ஓடும் கால்வாயின் கரையில் நிலைகொண்டது. எசெக்ஸ் பண்ணை என்று படைவீரர்கள் பெயரிட்டிருந்த அவ்விடத்தில், கரைமண்ணைக் குடைந்து அமைத்த பதுங்கறையே மெக்ரேவின் மருத்துவமனை. கரையின் உச்சியில் சுடப்பட்ட வீரர்கள் சிலர் உருண்டு அவர் அறையின் வாயிலிலேயே வந்து விழுந்தனர். மருந்து குறைவு; வெளிச்சம் குறைவு; ஓய்வு அறவே இல்லை. பதினேழு நாள்கள் இரவும் பகலும் குண்டோசை ஓயவில்லை. அந்நாள்களில் தாம் உடையையும் காலணியையும் கழற்றியதே அரிது எனத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் மெக்ரே குறிப்பிட்டிருந்தார்.

அவர் பணியாற்றிய இடத்தின் அருகிலேயே சிறு இடுகாடு ஒன்று தோன்றி நாளுக்கு நாள் வளர்ந்தது. புதிதாகத் தோண்டிய மண்ணின்மேல் மரச்சிலுவைகள் வரிசையாக எழுந்தன. சிலுவைகளுக்கு இடையே சிவப்புப் பாப்பி மலர்கள் பூத்தன.

தெரிந்து தெளிவோம்

பாப்பிச் செடியின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும் இயல்புடையவை. மண் கிளறப்பட்டு ஒளி படும்போது அவை முளைக்கின்றன. பதுங்குகுழி தோண்டியதாலும் குண்டுகள் வெடித்ததாலும் பிளாண்டர்ஸ் சமவெளியின் மண் புரட்டப்பட்டது. எனவேதான் பிற செடிகள் அழிந்த நிலத்தில் பாப்பி மலர்கள் மட்டும் செழித்துப் பூத்தன.

ஒரு நண்பரின் கல்லறை

மெக்ரேவின் பிரிவில் அலெக்சிஸ் ஹெல்மர் என்னும் இளம் அதிகாரி இருந்தார். வயது 22, ஒட்டாவா நகரைச் சேர்ந்தவர், மெகில் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அகவையில் இருபது ஆண்டு வேறுபாடு இருந்தபோதிலும் மெக்ரேவுக்கு அவர் நெருங்கிய நண்பர். 1915 மே 2ஆம் நாள் காலை, பீரங்கிக் குண்டொன்று நேராக விழுந்து ஹெல்மரின் உயிரைப் பறித்தது. உடல் சிதைந்துபோயிற்று.

அன்றிரவு அவரை அடக்கம் செய்தனர். சமயச் சடங்கை நடத்த வேண்டிய குருவானவர் அங்கில்லை. விளக்கேற்றினால் பகைவரின் குண்டு பாயும். ஆகவே, இருளில் நின்று, இறுதிச் சடங்கின் மன்றாட்டுகளை நினைவிலிருந்தே மெக்ரே சொன்னார். எத்தனையோ உயிர்களைக் காக்கக் கண்விழித்த மருத்துவருக்குத் தம் நண்பருக்குச் செய்ய இயன்றது அவ்வளவே.

மறுநாள் மே 3. கிடைத்த சிறு இடைவேளையில், இடுகாட்டைப் பார்க்கும் இடத்தில் அமர்ந்து மெக்ரே ஒரு கவிதை எழுதினார். மூன்று பத்திகள், பதினைந்து அடிகள். அது எழுதப்பட்ட சூழல் குறித்துப் படைவீரர்களிடையே பின்னர்ப் பலவாறான கதைகள் வழங்கின. எழுதிய தாளை அவர் எறிந்துவிட்டதாகவும் வேறொருவர் அதை எடுத்துக் காத்ததாகவும் கூறுவோர் உண்டு. கதை எதுவாயினும் கவிதை பிழைத்தது. பிளாண்டர்ஸ் வயல்வெளிகளில் என்று பொருள்படும் தலைப்புடைய அக்கவிதையில் பேசுபவர்கள் இறந்த வீரர்கள். சில நாள்களுக்குமுன் உயிரோடு இருந்ததையும், அன்பு செலுத்தியதையும், அன்பு செலுத்தப்பட்டதையும் அவர்கள் நினைவுகூர்கின்றனர். இறுதியில் தம் கடமையைத் தொடருமாறு உயிரோடிருப்போரை வேண்டுகின்றனர். தொடராவிடில் தங்களுக்கு உறக்கம் இல்லை என்கின்றனர்.

இலண்டன் இதழ் ஒன்று அக்கவிதையை ஏற்காமல் திருப்பியது. பன்ச் என்னும் இதழ் 1915 டிசம்பர் 8ஆம் நாள் அதனை வெளியிட்டது. எழுதியவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. பெயரின்றி வெளிவந்த அக்கவிதை சில மாதங்களில் கடல்களைக் கடந்து பரவியது.

மருத்துவமனைக் கூடாரங்கள்

கவிதை அச்சேறும் முன்னரே மெக்ரே போர்முனையிலிருந்து மாற்றப்பட்டிருந்தார். 1915 ஜூன் மாதத்தில், பிரான்சின் கடற்கரையில் பூலோன் நகருக்கு அருகே மெகில் பல்கலைக்கழகத்தார் அமைத்த கனடா நாட்டுப் படை மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மருத்துவப் பிரிவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. பிறர் இதனை உயர்வாகக் கருதினர். அவருக்கோ, பீரங்கிக் கரையில் நின்ற தோழர்களை விட்டுப் பிரிவது பெருந்துயராக இருந்தது.

இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட பெரிய தர்பார்க் கூடாரங்களிலேயே அம்மருத்துவமனை முதலில் இயங்கியது. வெயில் நாட்டு விழாக்களுக்காகத் தைக்கப்பட்ட அக்கூடாரங்கள் பிரான்சின் மழைக்கும் காற்றுக்கும் தாங்கவில்லை. 1916 தொடக்கத்தில், பூலோனில் பாழடைந்து கிடந்த இயேசு சபைக் கல்லூரியின் கட்டடத்திற்கு மருத்துவமனை மாறியது. 1,500க்கும் மேற்பட்ட படுக்கைகள் அங்கே இருந்தன. சோம், விமி, பாசண்டேல் எனப் பெரும்போர் ஒவ்வொன்றும் நடந்தபோது காயமுற்றோர் அங்கே வந்து குவிந்தனர்.

மருத்துவமனையில் அதிகாரிகளுக்கு மரக்குடில்கள் இருந்தன. மெக்ரே அவற்றில் தங்க மறுத்தார். பதுங்குகுழிகளில் இருக்கும் வீரர்களுக்கு இல்லாத வசதி தமக்கும் வேண்டாம் என்று குளிர்காலத்திலும் கூடாரத்திலேயே தங்கினார். ஆஸ்துமா முற்றி உடல் நலிந்தபின், மேலிடத்தின் வற்புறுத்தலால்தான் குடிலுக்கு மாறினார்.

ஈப்பர் களத்திலிருந்து திரும்பிய மெக்ரே பழைய மெக்ரே அல்லர் என்பதை நண்பர்கள் உணர்ந்தனர். கதை சொல்லிச் சிரிக்கவைத்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாலைவேளைகளில் பான்ஃபயர் குதிரைமீது ஏறி நாட்டுப்புறப் பாதைகளில் நெடுந்தொலைவு தனியே சென்றார். பான்னோ என்னும் நாய் பின்னால் ஓடிவரும். தம் உடன்பிறந்தாரின் குழந்தைகளுக்கு அக்குதிரையே எழுதுவதுபோல் வேடிக்கைக் கடிதங்கள் எழுதிக் குளம்பின் அடையாளத்தைக் கையொப்பமாக இட்டு அனுப்பினார். சிரிப்பை இழந்த மனிதர், குழந்தைகளின் சிரிப்பை மட்டும் இழக்க விரும்பவில்லை.

கவிதைக்கு நேர்ந்த இருவழி

இதற்கிடையில் அவர் கவிதை வேறொரு பணியில் ஈடுபடுத்தப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில் உள்ள வேண்டுகோளைப் படைக்கு ஆள்சேர்ப்போர் பயன்படுத்தினர். 1917இல் கனடா அரசு போர்ச் செலவுக்காகக் கடன் பத்திரங்களை விற்றபோது, விளம்பரங்களில் அக்கவிதையின் சொற்கள் இடம்பெற்றன. எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பணம் திரண்டது. அதே ஆண்டு, விருப்பமில்லாதாரையும் படையில் சேர்க்கும் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தால் கனடா இரண்டுபட்டது. அந்தத் தேர்தல் பரப்புரையிலும் அக்கவிதை ஒலித்தது.

மெக்ரே இதனை எதிர்த்தவர் அல்லர். தொடங்கிய போரை முடிக்காமல் விடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே அவர் உறுதியாக நம்பினார்; கட்டாயப் படைச்சேர்ப்பையும் ஆதரித்தார். அதே நேரத்தில் அப்போர் அனுப்பிவைத்த உடல்களுக்கு நாள்தோறும் மருந்திட்டுக்கொண்டும் இருந்தார். பீரங்கிவீரரின் நம்பிக்கையும் மருத்துவரின் துயரமும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று வெல்லாமல் இருந்தன. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் நேர்மையான மனிதர் பலரின் உள்ளம் அவ்வாறே இருந்தது.

இறுதி நாள்கள்

1918 ஜனவரி 24ஆம் நாள், பிரிட்டன் படையின் ஆலோசனை மருத்துவராக மெக்ரே அமர்த்தப்பட்டதாகச் செய்தி வந்தது. கனடா நாட்டவர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை. ஆனால், அந்நாளிலேயே அவர் நிமோனியாவால் படுக்கையில் வீழ்ந்தார். நோய் மூளைக்காய்ச்சலாகவும் பரவியது. நான்கே நாள்களில், ஜனவரி 28ஆம் நாள், விமெரூ என்னும் ஊரில் இருந்த படை மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 45. எந்தக் குண்டும் அவரைத் துளைக்கவில்லை. ஆயினும் போரே அவரைக் கொன்றது என்பதில் உடனிருந்தோர்க்கு ஐயமில்லை.

மறுநாள் விமெரூ இடுகாட்டில் முழுப் படை மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஊர்வலத்தில் பான்ஃபயர் நடத்திச் செல்லப்பட்டது. அதன் முதுகில் ஆளில்லை. சேணத்தின் அங்கவடிகளில் மெக்ரேவின் காலணிகள் பின்னோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வீரன் திரும்பிவரமாட்டான் என்பதன் அடையாளம் அது. போர் முடிய அப்போது இன்னும் ஒன்பது மாதங்களுக்கு மேல் இருந்தன.

மலரான கவிதை

1918 நவம்பர் 9ஆம் நாள், போர்நிறுத்தத்திற்கு இரண்டு நாள்களுக்கு முன், நியூயார்க் நகரில் மொய்னா மைக்கேல் என்னும் ஆசிரியை ஓர் இதழில் மெக்ரேவின் கவிதையைப் படித்தார். போர்க்காலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் அவர் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தார். கவிதை அவர் உள்ளத்தைத் தொட்டது. இறந்தவர் நினைவாகச் சிவப்புப் பாப்பி மலரை எந்நாளும் அணிவது என்று உறுதிபூண்டார். கடைக்குச் சென்று பட்டுத்துணியால் செய்த பாப்பி மலர்களை வாங்கினார். ஒன்றைத் தாம் அணிந்து, ஏனையவற்றை உடனிருந்தோர்க்கு வழங்கினார்.

பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரேன் என்னும் பெண்மணி அவ்வெண்ணத்தை மேலும் வளர்த்தார். போரில் சிதைந்த பிரான்சுப் பகுதிகளின் பெண்களும் குழந்தைகளும் துணியால் பாப்பி மலர்கள் செய்தனர். அவற்றை விற்றுக் கிடைத்த பணம் ஆதரவற்றோர்க்குச் சென்றது. 1921இல் கனடா, இங்கிலாந்து நாடுகளின் முன்னாள் படைவீரர் அமைப்புகள் பாப்பி மலரை நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டன. 1922இல் இலண்டனில், போரில் உறுப்பிழந்த வீரர்களே பாப்பி மலர் செய்யும் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. பீரங்கியையோ துப்பாக்கியையோ இனி ஏந்த இயலாத கைகள் மலர் செய்து தம் குடும்பத்திற்குச் சோறு தேடின.

இவ்வாறு அக்கவிதையின் பணி மாறியது. போர் நடந்தபோது ஆள்சேர்க்கவும் பொருள் திரட்டவும் பயன்பட்ட அதன் மலர், போர் முடிந்தபின் கைம்பெண்களுக்கும், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், உடல் குறைபட்ட வீரர்களுக்கும் உதவும் கருவியாயிற்று. பீரங்கிவீரரின் வேண்டுகோளாக எழுந்த கவிதை, மருத்துவரின் பணியைச் செய்யத் தொடங்கியது.

பெயர் பொறித்த வாயில்

ஹெல்மரின் கல்லறை என்னவாயிற்று? அடுத்தடுத்து நடந்த போர்களில் அது அழிந்துபோனது. மரச்சிலுவை நின்ற இடத்தைப் பின்னர் எவராலும் அடையாளம் காண இயலவில்லை. அவரைப்போல் கல்லறையின்றி மறைந்தவர்களுக்காக ஈப்பர் நகரின் நுழைவிடத்தில் மெனின் வாயில் என்னும் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டு, 1927 ஜூலை 24ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஹெல்மரின் பெயர் அவற்றுள் ஒன்று. கடல் கடந்து சென்று திரும்பாத இந்திய வீரர்களின் பெயர்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. 1928 முதல் ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு அவ்வாயிலின் கீழ்ப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, இறுதி வணக்க இசை ஊதப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் மட்டும் அது தடைப்பட்டது. 1944இல் நகர் விடுபட்ட அன்று மாலையே மீண்டும் ஒலித்தது.

எசெக்ஸ் பண்ணையில் மெக்ரே பணியாற்றிய பகுதி இன்று பாதுகாக்கப்படுகிறது. அருகில் உள்ள இடுகாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 15 வயதே நிரம்பிய சிறுவனுடையது. பள்ளியில் படித்திருக்க வேண்டிய அச்சிறுவனின் கல்லறைமுன் மாணவர்கள் பாப்பி மலர்களை வைத்துச் செல்கின்றனர். குவெல்ஃபில் மெக்ரே பிறந்த வீடு அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மெக்ரே தம் நண்பர் ஒருவரின் இழப்பையே பாடினார். ஆனால், மகனை இழந்த ஒவ்வொரு தாயும் அதில் தன் மகனைக் கண்டாள். இலட்சக்கணக்கில் எண்ணும்போது மரணம் வெறும் எண்ணாகிவிடுகிறது. ஒருவரின் பெயரைச் சொல்லும்போதுதான் அது இழப்பாகிறது. வீரர்களின் ஈகத்தை நினைவுகூர்தல் என்பது போரைப் புகழ்வது அன்று. இறந்தவரைப் பெயரோடு நினைப்பதும், அவர் விட்டுச்சென்றவரைக் காப்பதும், அத்தகைய கல்லறைகள் மேலும் பெருகாதிருக்க முயல்வதுமே ஆகும். இருளில் நின்று நண்பருக்காக மன்றாடிய மருத்துவரின் குரல், நவம்பர் மாதத்தின் அந்த இரண்டு மணித்துளி அமைதியில் இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது.